இன்சுலினை ஏன் விழுங்க முடிவதில்லை?

நீரிழிவுப் பிரிவின் புறநோயாளர் அறையில் நாங்கள் மிகுதியாக எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. அண்மையில் அதை ஒரு தாய் கேட்டார். அவருடைய 9 வயது மகளுக்கு முதல் வகை நீரிழிவு. நாள்தோறும் நான்கு முறை ஊசி. "டாக்டர், காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கிறது, இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை இருக்கிறது. இன்சுலினை மட்டும் ஏன் மாத்திரையாகத் தர முடியவில்லை?" என்றார். விடைக்காக மகள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இக்கேள்வி வெறும் ஆவலால் எழுவதன்று. இதற்குச் சரியான விடை கிடைக்காத குடும்பங்களைத் தவறான விடை தேடி வந்துவிடுகிறது. முதல் வகை நீரிழிவுள்ள ஒரு பதின்பருவச் சிறுவனை, சில மாதங்களுக்கு முன் நினைவிழந்த நிலையில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஊசிக்கு மாற்று என்று யாரோ விற்ற சொட்டு மருந்தை நம்பி, மூன்று நாட்கள் இன்சுலினை நிறுத்தியிருந்தார்கள். தீவிர சிகிச்சைக்குப் பின் அவன் பிழைத்துக்கொண்டான். அந்தப் பெற்றோர் அக்கறையற்றவர்கள் அல்லர். மகனை ஊசியின் வலியிலிருந்து காக்க விரும்பியவர்கள். எனவே, புரத மருந்துகளை வாய்வழியே செலுத்துவதில் உள்ள தடைகள் எவை, அவற்றைக் கடக்க அறிவியலாளர் உருவாக்கிவரும் நுண்கோளங்கள் எவ்வாறு இயங்குகின்றன, இன்று நாம் எங்கே நிற்கிறோம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இரைப்பைக்கு இன்சுலினும் பருப்பும் ஒன்றே

1922ஆம் ஆண்டு ஜனவரி 11 அன்று, கனடாவின் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவனான லியனார்ட் தாம்ப்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதுவரை முதல் வகை நீரிழிவு என்பது ஏறத்தாழ மரணத் தீர்ப்பாகவே இருந்தது. இன்சுலின் வந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதை வாய்வழியே கொடுத்துப் பார்க்கும் முயற்சிகளும் தொடங்கிவிட்டன. நூறு ஆண்டுகள் கடந்தும் அம்முயற்சி முழு வெற்றி பெறவில்லை. அதற்குக் காரணம் இன்சுலினின் இயல்பிலேயே இருக்கிறது.

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் இரு சங்கிலிகளாகக் கோக்கப்பட்டு, குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் மடிந்து உருவானது. அவ்வடிவம் கலையாதிருந்தால்தான் அது உடலின் உயிரணுக்களில் உள்ள ஏற்பிகளோடு பொருந்தும். பூட்டுக்குள் சாவி பொருந்துவதைப் போல. சங்கிலி துண்டாகிவிட்டால் சாவி வெறும் உலோகத்துண்டாகிவிடும்.

நாம் உண்ணும் பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருப்பவையும் புரதங்களே. அவற்றை அமினோ அமிலங்களாக உடைத்து உடலுக்கு உணவாக்குவதுதான் செரிமான மண்டலத்தின் வேலை. உள்ளே வரும் புரதம் மருந்தா, மதிய உணவா என்று அது பிரித்தறிவதில்லை. விழுங்கிய இன்சுலின் நஞ்சாவதில்லை, வீணாவதுமட்டுமே நிகழ்கிறது. ஆனால் முதல் வகை நீரிழிவுள்ளவருக்கு அந்த வீண்தான் பேராபத்து.

கடக்க வேண்டிய மூன்று அரண்கள்

முதல் அரண், அமிலமும் நொதிகளும். இரைப்பையின் அமிலம் புரதத்தின் மடிப்புகளை அவிழ்க்கிறது. எலுமிச்சைச் சாறு பட்டதும் பால் திரிவதும் புரதத்தின்மீது அமிலம் செய்யும் வேலைதான். பின்னர் பெப்சின் என்னும் நொதி அதை வெட்டுகிறது. தப்பியவற்றைச் சிறுகுடலில் கணையத்தின் நொதிகளான டிரிப்சினும் கைமோடிரிப்சினும் எதிர்கொள்கின்றன. இன்சுலினைச் சுரக்கும் அதே கணையம், அதை அழிக்கும் நொதிகளையும் சுரக்கிறது என்பது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று.

இரண்டாம் அரண், சளிப்படலம். குடலின் உட்சுவரை வழவழப்பான ஒரு படலம் மூடியிருக்கிறது. கிருமிகளையும் அயற்பொருள்களையும் பிடித்து வெளியேற்றுவது அதன் பணி. அது இடைவிடாமல் சுரந்து, கழுவப்பட்டு, புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் சிக்கும் மருந்தும் மலத்தோடு போய்விடக்கூடும்.

மூன்றாம் அரண், குடற்சுவர். ஒரே ஓர் உயிரணு அடுக்குதான். ஆனால் அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. பாராசிட்டமால் போன்ற சிறு மூலக்கூறுகள் எளிதில் ஊடுருவிவிடும். இன்சுலின் மூலக்கூறோ பாராசிட்டமாலைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு எடை கொண்டது. கொழுப்பாலான உயிரணுச் சவ்வில் எளிதில் கரையாதது. முதல் இரண்டு அரண்களைக் கடந்து வந்தாலும் இந்த வாயிலில் அது நின்றுவிடுகிறது.

இவ்வளவு தடை இருந்தும் வாய்வழியை நாடுவதற்கு வலியைத் தவிர்ப்பது மட்டும் காரணமன்று. கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே சர்க்கரையின் உற்பத்தியைக் கட்டுப்படுத்திவிட்டுத்தான் உடலெங்கும் பரவுகிறது. தோலுக்கடியில் போடும் ஊசி மருந்து இந்த வரிசையில் செல்வதில்லை. குடலில் உறிஞ்சப்படும் இன்சுலின் குடலின் இரத்தக்குழாய் வழியே நேரே கல்லீரலை அடையும். அதாவது, வாய்வழி இன்சுலின் இயற்கையின் பாதைக்கு நெருக்கமானது.

நுண்கோளம் என்பது என்ன?

மூன்று அரண்களையும் கடக்க, புரதத்தைத் தனியே அனுப்பாமல் ஒரு காப்புறைக்குள் வைத்து அனுப்பலாம் என்பதே நுண்கோளத்தின் அடிப்படை. நுண்கோளம் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை குறுக்களவு கொண்ட சிறு உருண்டை. பெரும்பாலானவை கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது; மாவுபோலத் தோன்றும். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் மருந்து பொதிந்திருக்கும்.

காப்புறையாகும் பொருள்களுள் சில நமக்கு அந்நியமானவை அல்ல. பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் ஒன்று. மன்னார் வளைகுடாக் கரையோரத்திலும் இத்தகைய பாசிகள் சேகரிக்கப்படுகின்றன. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசான் மற்றொன்று. லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் இணைந்த பாலிமர் இன்னொன்று. தானாகவே கரைந்துவிடும் அறுவைத் தையல் நூல்கள் சில இவ்வகைப் பொருளால் ஆனவையே.

ஆல்ஜினேட் நுண்கோளம் செய்யும் முறை கேட்பதற்கு எளிது. இன்சுலின் கலந்த ஆல்ஜினேட் கரைசலை நுண்துளிகளாகக் கால்சியம் கரைசலில் விழச் செய்வார்கள். துளி விழுந்த கணத்தில் கால்சியம் ஆல்ஜினேட் சங்கிலிகளைப் பிணைத்து, துளியை மென்மையான கூழ்மணியாக்கிவிடும். இந்த மணி அமிலத்தில் சுருங்கி இறுகும். சிறுகுடலின் அமிலம் குறைந்த சூழலில் உப்பித் தளர்ந்து உள்ளிருப்பதை விடுவிக்கும். இரைப்பையில் மூடியிருந்து குடலில் திறக்கும் கதவு இது. கைட்டோசான் வேறு விதத்தில் உதவுகிறது: சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்கிறது, குடற்சுவர் உயிரணுக்களின் இறுகிய பிணைப்பைச் சிறிது நேரம் தளர்த்துகிறது. எனவே இரண்டையும் சேர்த்து, ஆல்ஜினேட் மணிக்கு மேல் கைட்டோசான் பூசும் முறையைப் பல ஆய்வுக்கூடங்கள் கையாள்கின்றன.

செய்முறையில் நுட்பமான இடர்கள் உண்டு. சில பாலிமர்களைக் கரைக்கக் கரிமக் கரைப்பான்கள் தேவைப்படும். கரைப்பானும் வேகமாகக் கலக்குவதும் உலர்த்துவதும் புரதத்தின் மடிப்பைக் குலைத்துவிடக்கூடும். கோளத்தின் மேற்பரப்பில் தங்கிய மருந்து முதல் சில நிமிடங்களிலேயே கொட்டிப்போவதும் உண்டு. காக்கவேண்டிய உறையைச் செய்யும்போதே உள்ளிருப்பதைச் சிதைத்துவிடாமல் இருப்பதுதான் இத்துறையினரின் அன்றாடப் போராட்டம்.

ஆய்வுக்கூடத்தில் கண்ட நம்பிக்கை

புரதங்களைப் பாலிமருக்குள் பொதிந்து மெதுவாக வெளியிட முடியும் என்பதை 1976இல் ராபர்ட் லாங்கரும் ஜூடா ஃபோக்மனும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதுவரை பலர் இது இயலாதென்றே கருதினர். அந்த வழியின் பயன் முதலில் ஊசி மருந்துகளில் கிட்டியது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான லூப்ரோலைடு என்னும் 9 அமினோ அமிலங்கள் கொண்ட மருந்து, 1989 முதல் நுண்கோள வடிவில் மாதம் ஒருமுறை போடும் ஊசியாக அமெரிக்காவில் கிடைத்தது. நாள்தோறும் ஊசி என்பது மாதம் ஓர் ஊசியாகச் சுருங்கியது.

வாய்வழியைப் பொறுத்தவரை, 1997இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் எடித் மத்தியோவிட்ஸ் குழுவினர், சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்ளும் பாலிமர் நுண்கோளங்களை உருவாக்கினர். இன்சுலின் பொதிந்த அக்கோளங்களை உட்கொண்ட எலிகளின் உடலில் இன்சுலின் தன் வேலையைச் செய்தது. 1999இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பெப்பாஸ் குழுவினர், அமிலத்தில் சுருங்கிக் குடலில் விரியும் கூழ்ம நுண்துகள்களைக்கொண்டு, நீரிழிவுள்ள எலிகளின் இரத்தச் சர்க்கரையைப் பல மணி நேரம் குறைத்துக் காட்டினர்.

எலியில் வெற்றி பெற்ற மருந்து ஏன் இன்னும் மருந்தகத்துக்கு வரவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

மருத்துவரை அச்சுறுத்தும் ஒரு கணக்கு

ஒருவருக்கு உணவுக்கு முன் 10 யூனிட் இன்சுலின் தேவை என்று கொள்வோம். விழுங்கும் இன்சுலினில் நூற்றுக்கு 2 பங்குதான் இரத்தத்தை அடையும் என்றால், அவர் 500 யூனிட் விழுங்க வேண்டும். செலவு ஒருபுறம் இருக்கட்டும். மற்றொரு நாள், வயிறு காலியாக இருந்ததாலோ குடலின் அசைவு மாறியதாலோ, 4 பங்கு உறிஞ்சப்பட்டுவிட்டால்? இரத்தத்தில் 20 யூனிட் சேர்ந்துவிடும். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து, வலிப்பும் மயக்கமும் நேரலாம். அடுத்த நாள் 1 பங்கு மட்டுமே உறிஞ்சப்பட்டால் 5 யூனிட். சர்க்கரை கட்டுக்கடங்காது உயரும்.

பல மருந்துகளுக்குச் சிறிது கூடுதலும் குறைவும் பொருட்டல்ல. இன்சுலினோ மிகக் குறுகிய ஒற்றையடிப் பாதையில் நடக்கும் மருந்து. எனவே "எவ்வளவு உறிஞ்சப்படுகிறது" என்பதைவிட, "ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் உறிஞ்சப்படுகிறதா" என்பதே மருத்துவருக்கு முதன்மையான கேள்வி.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் இதையே உணர்த்துகின்றன. நோவோ நோர்டிஸ்க் நிறுவனம், உடலில் நெடுநேரம் தங்கும் ஓர் இன்சுலினை மாத்திரையாக்கி, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் 8 வாரங்கள் சோதித்தது. 2019இல் வெளியான முடிவின்படி, சர்க்கரைக் கட்டுப்பாட்டில் அது கிளார்ஜின் ஊசிக்கு இணையாகவே இருந்தது. ஆயினும் தேவைப்பட்ட இன்சுலின் அளவு மிக அதிகம். அவ்வளவு மருந்தைத் தயாரித்து வழங்குவது நடைமுறைக்கு ஒவ்வாதென்று அத்திட்டம் கைவிடப்பட்டது. ஒராமெட் நிறுவனத்தின் வாய்வழி இன்சுலின் 2023 ஜனவரியில் மூன்றாம் கட்டச் சோதனையில் இலக்கை எட்டவில்லை. இவை இரண்டும் நுண்கோளங்கள் அல்ல, வேறு உத்திகள். ஆனால் எந்த உத்தியும் கடக்க வேண்டிய பாலம் ஒன்றுதான்.

வாய்வழி வந்துவிட்ட புரத மருந்துகள்

முழுவதும் ஏமாற்றம் என்று எண்ண வேண்டா. நம் நோயாளிகளுள் சிலர் ஏற்கெனவே புரத மருந்தை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாட்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்கு நாங்கள் எழுதித் தரும் கணைய நொதிக் கேப்ஸ்யூல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பன்றியின் கணையத்திலிருந்து பெறப்படும் நொதிகள் அதில் உள்ளன, நொதிகளும் புரதங்களே. கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் சிறு மணிகள் ஒவ்வொன்றும் அமிலத்தைத் தாங்கும் உறை கொண்டவை. இரைப்பையில் காப்பாற்றப்பட்டுச் சிறுகுடலில் திறந்து, உணவின் கொழுப்பைச் செரிக்க உதவுகின்றன. இது வெற்றி பெற்றதற்குக் காரணம் தெளிவு: இம்மருந்து குடலுக்குள்ளேயே வேலை செய்கிறது, மூன்றாம் அரணைக் கடக்க வேண்டியதில்லை.

மற்றொன்று செமாகுளுடைடு மாத்திரை. அமெரிக்காவில் 2019இல் அனுமதி பெற்று, பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. புரதத்தின் சிறு வடிவமான பெப்டைடு வகையைச் சேர்ந்த இதனோடு துணைப்பொருள் ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. மாத்திரை கரையும் இடத்தில் அப்பொருள் அமிலத்தைத் தணித்து, பெப்சினைத் தடுத்து, மருந்து இரைப்பைச் சுவரினூடே செல்ல வழிசெய்கிறது. அவ்வாறிருந்தும் விழுங்கியதில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே இரத்தத்தை அடைகிறது. ஊசியாக வாரத்துக்கு 1 மில்லிகிராம் போடப்படும் இம்மருந்து, முதலில் வந்த மாத்திரை வடிவில் நாளொன்றுக்கு 14 மில்லிகிராம் வரை தேவைப்பட்டதை நோக்கினால் இழப்பின் அளவு புரியும். உடலில் புகுந்த செமாகுளுடைடு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால், நாளுக்கு நாள் நேரும் ஏற்றத்தாழ்வு சமனாகிவிடுகிறது. உணவுக்கு முன் போடும் இன்சுலினுக்கு அந்த வசதி இல்லை.

ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: செமாகுளுடைடு இன்சுலின் அன்று. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கானது. முதல் வகை நீரிழிவில் அது இன்சுலினுக்கு மாற்றாகாது.

குடும்பத்தினர் கவனத்துக்கு

இதுவரை சொன்ன அறிவியலிலிருந்து நம் அன்றாடத்துக்குச் சில செய்திகள் கிடைக்கின்றன.

1. முதல் வகை நீரிழிவுள்ளவர்கள் எக்காரணத்தாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. ஓரிரு நாட்களிலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகி உயிருக்கு ஆபத்து நேரலாம். இடைவிடாத வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாசம், மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

2. "வாய்வழி இன்சுலின்", "ஊசிக்கு மாற்று" என்று சொல்லி விற்கப்படும் சொட்டு மருந்து, பொடி, லேகியம் எதையும் எங்களைக் கேட்காமல் தொடங்காதீர்கள். கேட்பதற்குத் தயங்கவும் வேண்டா. நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.

3. கணைய நொதிக் கேப்ஸ்யூலை உணவோடு விழுங்க வேண்டும். விழுங்க இயலாத குழந்தைகளுக்குக் கேப்ஸ்யூலைத் திறந்து, மணிகளை ஆப்பிள் கூழ் போன்ற புளிப்பான மென் உணவில் தூவி உடனே கொடுக்கலாம். மணிகளைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பாலில் கலப்பதும் தவறு: பாலில் அமிலத்தன்மை குறைவாதலால் உறை அதிலேயே கரையத் தொடங்கிவிடும், பின்னர் நொதி காப்பின்றி இரைப்பையில் அழிந்துபோகும்.

4. செமாகுளுடைடு மாத்திரையைக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை தம்ளர் அளவு தண்ணீரோடு, அதாவது 120 மில்லிலிட்டருக்கு மிகாமல், உடைக்காமல் விழுங்க வேண்டும். பின்னர் 30 நிமிடங்கள் காப்பியோ உணவோ வேறு மாத்திரையோ கூடாது. இந்த அரை மணி நேரம் தவறினால் மருந்தின் பெரும்பகுதி வீணாகிவிடும்.

5. ஊசியின் வலியைக் குறைக்க இன்றே வழிகள் உள்ளன. 4 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய பேனா ஊசிகள் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் போதுமானவை. ஊசியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடாமல் இடத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள். தடித்துப்போன இடத்தில் இன்சுலின் சீராக உறிஞ்சப்படாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மருந்தை அறையின் வெப்பநிலைக்கு வந்த பின் போட்டால் எரிச்சல் குறையும்.

அன்று அத்தாய்க்கும் இதையே சுருக்கமாகச் சொன்னோம். எந்த ஆண்டில் இன்சுலின் மாத்திரை வரும் என்று எங்களால் தேதி குறிக்க இயலவில்லை. குறிப்பவரை நம்பவும் வேண்டா என்றோம். மகளிடம் ஆல்ஜினேட் மணியின் படத்தை வரைந்து காட்டினோம். வயிற்றில் மூடியிருந்து குடலில் திறக்கும் உருண்டை அவளுக்குப் பிடித்திருந்தது. "அதை யாராவது செய்து முடிக்கிற வரைக்கும் நான் ஊசி போட்டுக்கொள்கிறேன்" என்றாள். செவிலியர் அவளுக்கு 4 மில்லிமீட்டர் ஊசியைப் பழக்கிக் கொடுத்தார். இப்போது காலை ஊசியை அவளே போட்டுக்கொள்கிறாள்.